தீவுக்கு முன்னும் பின்னும்: ராபின்சன் குரூசோவில் வெட்டப்பட்ட பக்கங்கள்

ராபின்சன் குரூசோ கதையை யாரிடம் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கப்பல் உடைகிறது. ஒருவன் மட்டும் பிழைத்து ஆளில்லாத் தீவில் கரையேறுகிறான். ஆடு வளர்க்கிறான், பானை சுடுகிறான், கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறான். ஒருநாள் மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைக் கண்டு நடுங்குகிறான். பிறகு ஃப்ரைடே வருகிறான், கப்பலும் வருகிறது. ஆங்கிலத் துணைப்பாடமாகவோ படக்கதையாகவோ படித்தவர்களுக்கு நாவல் இவ்வளவுதான். ஆனால் டேனியல் டீஃபோ எழுதிய புத்தகத்தில், குரூசோ தீவில் கால் வைப்பதற்கு முன்பே அடிமை, தப்பியோடியவன், தோட்ட முதலாளி என்று மூன்று வேடம் போட்டு முடித்துவிடுகிறான். தீவை விட்டுப் போன பிறகும் ஒரு பெரிய கணக்கு தீர்க்கப்படுகிறது. அந்த முன்பகுதியும் பின்பகுதியும் எங்கே போயின? முந்நூறு ஆண்டுகளாக இந்த நாவலைச் சுற்றி நடந்த வாதங்களில் பாதி, எதை வெட்டலாம், வெட்டியதை யார் திரும்ப ஒட்டுவது என்பதைப் பற்றியவைதான்.

வெட்டப்பட்டது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். குரூசோ 1632இல் யார்க் நகரில் பிறந்தவன். நடுத்தர வாழ்வே நல்லது என்று அப்பா சொன்ன புத்தியைக் கேட்காமல் கடலுக்குப் போகிறான். மொராக்கோக் கரையின் சாலி துறைமுகத்துக் கொள்ளையர்களிடம் சிக்கி இரண்டு ஆண்டு அடிமையாக இருக்கிறான். ஸூரி என்ற சிறுவனோடு படகில் தப்புகிறான். கரையோரமாகத் தெற்கே போகும் அந்தப் பயணம் முழுக்க ஸூரி அவனுக்கு வலக்கை. போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று இருவரையும் ஏற்றிக்கொள்கிறது. கப்பல் தலைவன் கேட்டதும் குரூசோ ஸூரியை 60 வெள்ளிக் காசுக்கு அவனிடம் விற்றுவிடுகிறான். சற்றுத் தயங்குகிறான்தான். கிறிஸ்தவனானால் பத்து ஆண்டில் விடுதலை என்று தலைவன் வாக்குக் கொடுத்ததும் தயக்கம் தீர்ந்துபோகிறது. பிறகு பிரேசிலில் தோட்டம் போடுகிறான். கைக்கு ஆள் போதாதபோது ஸூரியை விற்றதற்காக வருந்துகிறான், ஆனால் அது நண்பனை இழந்த வருத்தமல்ல, வேலையாளை இழந்த வருத்தம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒரு யோசனை சொல்கிறார்கள். அரச உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அடிமை வாணிபம் செய்யக் கூடாத காலம் அது. ஆகவே கினிக் கரைக்குக் கமுக்கமாக ஒரு கப்பல் அனுப்பி, ஆட்களைப் பிடித்துவந்து பங்கு போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. அந்தச் சரக்குக்குப் பொறுப்பாளனாகப் புறப்பட்டவன் குரூசோ. 1659 செப்டம்பர் 30 அன்று உடைந்தது அந்தக் கப்பல்தான்.

அதாவது, உலகக் குழந்தைகளெல்லாம் நேசித்த அந்தக் கப்பல் அடிமை பிடிக்கப் போன கள்ளக் கப்பல். இந்த ஒரு தகவலை நீக்கிவிட்டால் குரூசோ விதியின் கையில் சிக்கிய அப்பாவி ஆகிவிடுகிறான்.

பின்பகுதியும் இதே கதைதான். தீவிலிருந்து மீண்ட குரூசோ ஏழையாகத் திரும்பவில்லை. லிஸ்பனுக்குப் போய்ப் பழைய கப்பல் தலைவனைக் கண்டுபிடிக்கிறான். இத்தனை ஆண்டும் பிரேசில் தோட்டம் பிறர் உழைப்பில் விளைந்து வளர்ந்திருக்கிறது. 5000 பவுனுக்கு மேல் ரொக்கம், ஆண்டுக்குச் சுமார் 1000 பவுன் வருமானம் தரும் சொத்து. அவன் ஆட்டுத்தோலைத் தைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அங்கே வட்டி ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கைப் பார்த்தபோது அவன் மூர்ச்சை போடாத குறையாகத் தடுமாறுகிறான்.

இப்படியொரு கதையை எழுத டீஃபோவைவிடத் தகுந்த ஆள் கிடைக்க மாட்டார். லண்டனில் மெழுகுவத்தி வியாபாரி ஒருவரின் மகன். காலுறை வியாபாரம் செய்தார், கப்பல்களுக்குக் காப்புறுதி கொடுத்தார், புனுகுப் பூனை வளர்க்க முதல் போட்டார், மூழ்கிய புதையலை எடுக்கும் திட்டத்தில் பணம் விட்டார். 1692இல் 17,000 பவுன் கடனோடு திவாலானார். 1703இல் ஒரு துண்டுப்பிரசுரத்துக்காகப் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் மாட்டி நிறுத்தப்பட்டார். பிறகு அரசாங்க ஒற்றர், பத்திரிகையாளர். அடிமை வாணிபம் நாட்டுக்கு நல்லது என்று வெளிப்படையாக எழுதியவர். அறுபதை நெருங்கும் வயதில், 1719 ஏப்ரல் 25 அன்று, வில்லியம் டெய்லர் என்ற பதிப்பாளர் வழியாகக் குரூசோ வெளிவந்தபோது அட்டையில் டீஃபோ பெயர் இல்லை. குரூசோவே எழுதியது என்று போட்டிருந்தது. கடன்காரனாக வாழ்ந்தவர் படைத்த நாயகன், கரையேறியதும் தன் நிலைமையின் நன்மை தீமைகளை வரவு செலவுப் பேரேடு போல இரண்டு பத்தியாக எழுதிப் பார்ப்பதில் வியப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கூட்டல் சரியாக வராது. தீவில் 28 ஆண்டு, 2 மாதம், 19 நாள் இருந்ததாகச் சொல்கிறான். 1659 செப்டம்பர் 30 முதல் அவன் கிளம்பிய 1686 டிசம்பர் 19 வரை எண்ணினால் 27 ஆண்டுதான் வருகிறது. கம்பத்தில் நாள்தோறும் கீறல் போட்டவனே ஓர் ஆண்டைத் தொலைத்துவிட்டான். டீஃபோவின் அவசரம் அது. நாவல் வந்த ஆண்டே சார்ல்ஸ் கில்டன் இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடிப் பிடித்துக் கேலிப் பிரசுரம் போட்டார். துணியைக் களைந்துவிட்டு நீந்திப் போனவன் கப்பலில் ரொட்டியை எந்தப் பையில் திணித்தான் என்று கேட்டார். கால்சட்டை போட்டிருந்தான் என்று நாவலிலேயே வேறோர் இடத்தில் சமாதானம் இருக்கிறது. இருந்தாலும் கேலிதான் நிலைத்தது.

கதை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் அலெக்சாண்டர் செல்கர்க். ஸ்காட்லாந்தின் லோயர் லார்கோ ஊர்க்காரர். 1704இல் தென் பசிபிக்கில், கப்பல் புழு அரித்து ஓட்டையாகிவிட்டது, இதில் இனி வர மாட்டேன் என்று தலைவன் ஸ்ட்ராட்லிங்கோடு சண்டையிட்டு, ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்றில் தானே இறங்கிக்கொண்டார். அவர் சொன்னது சரிதான், அந்தக் கப்பல் பிறகு மூழ்கியது. 4 ஆண்டு 4 மாதம் கழித்து, 1709 பிப்ரவரியில் உட்ஸ் ரோஜர்ஸ் அவரைக் கண்டெடுத்தார். ரோஜர்ஸ் 1712இல் எழுதிய பயண நூலில் இந்தக் கதை இருக்கிறது. வெடிமருந்து தீர்ந்த பிறகு செல்கர்க் ஆடுகளை ஓடியே பிடித்தார். ஒருமுறை ஆட்டோடு சேர்ந்து பாறையிலிருந்து விழுந்து நினைவிழந்து கிடந்தார், எழுந்து பார்த்தால் ஆடு அடியில் நசுங்கிச் செத்திருந்தது. எலிகள் காலைக் கடித்ததால் பூனைகளைப் பழக்கிப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். மீட்கப்பட்டபோது சொற்களைப் பாதி பாதியாகத்தான் பேசினார், பேச்சே மறந்துகொண்டிருந்தது.

டீஃபோ இதில் எதை எடுத்தார் என்பதைவிட எதை விட்டார் என்பது முக்கியம். குரூசோ ஃப்ரைடேயைச் சந்திக்கும்போது தீவுக்கு வந்து 25ஆம் ஆண்டு நடக்கிறது. ஆனாலும் அவன் நாக்கு பிசகவில்லை. உடனே ஆங்கில வாத்தியாராகிவிடுகிறான். உண்மையான தனிமை மனிதனை என்ன செய்யும் என்று செல்கர்க்கின் உடைந்த பேச்சு காட்டியது. டீஃபோவுக்கு அதில் அக்கறை இல்லை. இடத்தையும் மாற்றினார். குரூசோவின் தீவு பசிபிக்கில் இல்லை, ஓரினோகோ ஆற்றின் முகத்துக்கு எதிரே கரீபியனை ஒட்டிய கடலில் இருக்கிறது. தோட்டங்களும் அடிமைச் சந்தைகளும் இருந்த பக்கம் அது. இத்தனைக்கும் சிலி அரசு 1966இல் செல்கர்க் இருந்த தீவுக்கு ராபின்சன் குரூசோ என்று பெயர் சூட்டிவிட்டது. சுற்றுலாவுக்குப் புவியியல் ஒரு பொருட்டல்ல.

செல்கர்க்குக்கு முன்பே அதே தீவில் மூன்று ஆண்டு தனியே இருந்தவர் மத்திய அமெரிக்க மிஸ்கிட்டோ இனத்தைச் சேர்ந்த வில். 1681இல் வேட்டைக்குப் போயிருந்தபோது கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கையில் ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி, கொஞ்சம் வெடிமருந்து. மருந்து தீர்ந்ததும் கத்தியில் பல் வெட்டி ரம்பமாக்கி, துப்பாக்கிக் குழலைத் துண்டு துண்டாக அறுத்து, நெருப்பில் காய்ச்சி ஈட்டிமுனையும் தூண்டில் முள்ளும் அடித்துக்கொண்டார். 1684இல் அவரை மீட்ட கப்பலில் இருந்த வில்லியம் டாம்பியர் இதை எழுதியிருக்கிறார். வெள்ளையர் நாவலில் அடிமையாக வரும் அமெரிக்கப் பழங்குடி மனிதனே, நிஜத்தில் முதல் குரூசோக்களில் ஒருவர். தொழில்திறனில் இவருக்குப் பக்கத்தில்கூட டீஃபோவின் நாயகன் வர முடியாது.

மூன்றாவது மூலம் நமக்கு அருகில் இருக்கிறது. 1659 நவம்பரில், குரூசோவின் கப்பல் உடைந்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்டில், மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் பாய்மரம் முறிந்த ஆன் என்ற கப்பல், பழுது பார்க்கத் திருகோணமலையை அடுத்த கொட்டியாற்றுக் குடாவுக்குப் போனது. அங்கே 1660இல் கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவர் மகன் ராபர்ட் நாக்ஸையும் பிடித்துக்கொண்டார்கள். தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மகன் 19 ஆண்டுக்கு மேல் மலைநாட்டுக் கிராமங்களில் கைதியாக வாழ்ந்தார். சிறையில் அல்ல, வீடு கட்டி, பன்றியும் கோழியும் வளர்த்து, தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்கு விட்டு. தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில பைபிள் ஒன்றை வாங்கினார். 1679இல் அநுராதபுரக் காடுகள் வழியே ஆற்றோரமாக நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பு டச்சுக் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் வந்த அவருடைய இலங்கை நூலை டீஃபோ படித்திருந்தார் என்பதில் ஐயமே இல்லை. 1720இல் எழுதிய கேப்டன் சிங்கிள்டன் நாவலில் நாக்ஸின் கதையைப் பெயரோடு சுருக்கித் தந்திருக்கிறார். குரூசோவின் வீட்டு நிர்வாகமும் பைபிள் வாசிப்பும் செல்கர்க்கைவிட நாக்ஸைத்தான் அதிகம் ஒத்திருக்கின்றன. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இத்தனை ஆண்டு கைதியாக இருந்து மீண்ட நாக்ஸ், பின்னர் மடகாஸ்கருக்கு அடிமை வாங்கக் கப்பல் ஓட்டிப் போனார். சாலியில் அடிமையாக இருந்த குரூசோ ஸூரியை விற்றதை நம்ப முடியவில்லை என்பவர்களுக்கு நாக்ஸின் வாழ்க்கையே பதில்.

அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹய் இப்னு யக்ஸான் கதையையும் சொல்வார்கள். தீவில் மான் பாலூட்டி வளர்த்த குழந்தை தன் அறிவாலேயே இறைவனை உணரும் கதை அது. 1708இல் சைமன் ஓக்லி அதை ஆங்கிலத்தில் தந்தார். டீஃபோ பார்த்திருக்கலாம். ஆனால் ஹய் ஒரு தத்துவ ஞானி, குரூசோ ஒரு மளிகைக் கடைக்காரன். உறவு தூரத்து உறவுதான்.

மளிகைக் கடை என்று குறைத்துச் சொல்லவில்லை. நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கரையேறிய 13 நாளில் குரூசோ 11 முறை கப்பலுக்குப் போய்வருகிறான். தச்சன் பெட்டி, துப்பாக்கி, வெடிமருந்து, ரம், சவரக்கத்தி, கத்திரிக்கோல், மை, பேனா, மூன்று பைபிள், ஒரு நாய், இரண்டு பூனை. பன்னிரண்டாம் முறை போனபோது காசு கிடைக்கிறது. இங்கே இதனால் என்ன பயன் என்று அதை நீளமாக வைகிறான், பிறகு யோசித்துப் பார்த்து எடுத்து முடிந்துகொள்கிறான். 28 ஆண்டு கழித்துக் கிளம்பும்போது, கறுத்துப்போன அந்தக் காசை மறக்காமல் எடுத்துப்போகிறான். கோலரிட்ஜ் ரசித்த இடம் இது.

வேலைகள் நடக்கும் விதத்தைப் பாருங்கள். அலமாரிக்கு ஒரு நீளப் பலகை வேண்டும். ரம்பத்தால் அறுக்க இரண்டு பேர் இருந்தால் சீக்கிரம் முடிகிற வேலை. தனியாளாக ஒரு மரத்தை வெட்டி, இரு பக்கமும் செதுக்கிச் செதுக்கி ஒரே ஒரு பலகையாக்க அவனுக்கு 42 நாள் ஆகிறது. பானை செய்யக் களிமண் எடுக்கிறான். சிலது வெயிலில் வெடிக்கிறது, சிலது எடுக்கும்போதே உடைகிறது, இரண்டு மாத உழைப்பில் ஜாடி என்று சொல்லவே கூசும் இரண்டு கோணல் பாண்டங்கள் மிஞ்சுகின்றன. அடுப்பில் தற்செயலாக வெந்து செங்கல்லாய்ச் சிவந்த ஓட்டுத் துண்டைப் பார்த்த பிறகுதான் சுட வேண்டும் என்பது உறைக்கிறது. சுற்றிலும் விறகடுக்கி, பானைகள் உள்வரை சிவக்கும்படி ஐந்தாறு மணி நேரம் நெருப்பு வைக்கிறான். களியில் கலந்த மணல் உருகி ஓடத் தொடங்கியதும் விறகைக் குறைத்து, சூடு சட்டென இறங்காதபடி விடியவிடியக் காவல் இருக்கிறான். பானை ஆறும் வரை பொறுக்க முடியாமல் மறுபடி அடுப்பிலேற்றி ஆட்டுக்கறி வேகவைக்கிறான். சமையலுக்கு ஒரு பானை கிடைத்ததை இவ்வளவு பெரிய நிகழ்ச்சியாக்கிய வேறு நாவல் எனக்குத் தெரியாது. வர்ஜீனியா வுல்ஃபும் கடலையும் வானத்தையும் தேடிப் போய்க் கடைசியில் இந்த மண்பானை முன்னால்தான் நின்றார்.

படகுக் கதை இன்னும் நல்லது. அடிப்பக்கம் ஆறடிக்குச் சற்றே குறைந்த விட்டமுள்ள தேவதாரு. அடிமரம் வெட்ட 20 நாள், கிளை கழிக்க 14 நாள், வெளி வடிவத்துக்கு ஒரு மாதம், உள்ளே குடைய ஏறத்தாழ மூன்று மாதம். முடிந்த பிறகு பார்த்தால் தண்ணீர் 100 கஜ தூரத்தில் இருக்கிறது, தள்ளினால் படகு அசையவில்லை. கால்வாய் வெட்டிக் கடலைக் கொண்டுவரலாமா என்று கணக்குப் போடுகிறான். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். விட்டுவிடுகிறான். சாகசக் கதைகளில் நாயகர்கள் தோற்பது எதிரியிடம்தான். இவன் தோற்பது முன்யோசனையின்மையிடம்.

இந்தப் பக்கங்கள்தான் வெட்டுவோருக்கு வசதி செய்து கொடுத்தன. இவ்வளவு சுவையான தீவு இருக்கும்போது மற்றது எதற்கு? முதல் வெட்டு அதே 1719இலேயே விழுந்தது. வேறொரு பதிப்பாளர் திருட்டுத்தனமாகச் சுருக்கப் பதிப்புப் போட்டார். இரண்டாம் பாகத்தின் முன்னுரை, சுருக்குகிறவர்களை வழிப்பறிக்காரர்களோடு சேர்த்துத் திட்டுகிறது. அப்போது வெட்டப்பட்டது குரூசோவின் மதச் சிந்தனைகள். 1762இல் ரூசோ, எமில் நூலில், சிறுவனுக்குக் கொடுக்கும் முதல் புத்தகம் இதுவாக இருக்கட்டும் என்றார், ஆனால் உடைந்த கப்பலில் தொடங்கி மீட்கும் கப்பலில் முடிய வேண்டும், மற்றதெல்லாம் குப்பை என்றும் சொன்னார். நாம் படித்த துணைப்பாடத்தின் பாட்டனார் ரூசோதான். 1779இல் ஜெர்மனியின் காம்ப்பே ஒரு படி மேலே போய்த் தன் ராபின்சனிடமிருந்து கப்பல் சாமான்களையும் பிடுங்கிவிட்டார். வெறுங்கையால் உழைக்கட்டும் என்று.

பொருளியலாளர்களுக்கும் இந்த வெட்டிய தீவே பிடித்தது. சமூகமே இல்லாமல் தனியொருவன் உற்பத்தி செய்கிற மாதிரிக்கு குரூசோவைவிட நல்ல உதாரணம் ஏது? மார்க்ஸ் அவர்களைக் கிண்டலடித்தார். மூலதனம் நூலில், கப்பலிலிருந்து பேரேட்டையும் மையையும் மீட்ட உண்மையான ஆங்கிலேயன் என்று குரூசோவைச் சித்தரித்து, ஒவ்வொரு பொருளிலும் அடங்கிய உழைப்பு நேரம் அவனுக்கு வெளிப்படையாகத் தெரிவதைச் சுட்டினார். கூர்மையான வாசிப்புதான். ஆனாலும் பிரேசில் தோட்டத்தை அவரும் அந்த இடத்தில் பேசவில்லை. விக்டோரிய இங்கிலாந்தில் நாவல் வேதமாகவே ஆகிவிட்டது. வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய மூன்ஸ்டோன் கதையில் வரும் பெட்டரெட்ஜ் என்ற பணியாள் எந்தச் சிக்கலுக்கும் குரூசோவைப் புரட்டிக் குறி பார்ப்பான். அந்தப் புத்தகத்துக்குப் பின் வந்த தீவுக் கதைகள் கணக்கில்லாதவை. பெரும்பாலானவை மறக்கத்தக்கவை. பாலன்டைனின் பவளத் தீவில் வரும் ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையே எடுத்து 1954இல் வில்லியம் கோல்டிங் ஈக்களின் அரசனை எழுதியது மட்டும் வேறு ரகம்.

வெட்டியதைத் திரும்ப ஒட்டும் வேலை இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. 1967இல் மிஷேல் டூர்னியேயின் பிரெஞ்சு நாவலில் ஃப்ரைடேயின் கையால் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, ராபின்சன் கட்டிய ஒழுங்கெல்லாம் தூளாகிறது. கப்பல் வரும்போது ஃப்ரைடே போய்விடுகிறான், ராபின்சன் தீவிலேயே தங்கிவிடுகிறான். டெரெக் வால்காட் 1978இல் எழுதிய பாண்டமைம் நாடகத்தில், டொபாகோ விடுதி ஒன்றின் வெள்ளைக்கார உரிமையாளரும் கறுப்புப் பணியாளரும் வேடத்தை மாற்றிப் போட்டுக் குரூசோ நாடகம் ஒத்திகை பார்க்கிறார்கள். 1986இல் கூட்சியின் ஃபோவில் ஃப்ரைடேக்கு நாக்கே இல்லை. அவன் கதையை அவன் சொல்லப்போவதில்லை, நாம் இட்டுக்கட்டவும் கூடாது என்கிறது அந்த நாவல். மூன்றில் எனக்கு வால்காட்தான் பிடிக்கும். ஃப்ரைடேயை ஊமையாக்காமல், வாதாடவும் கேலி பேசவும் விட்டவர் அவர்தான்.

ஆனால் டீஃபோவுக்கு உண்மையான எதிர்க்கதை எழுத்தாளர்களிடமிருந்து வரவில்லை. 1761 ஜூலை 31 இரவு, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதீல் என்ற கப்பல் மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு சின்னஞ்சிறு மணல்திட்டில் மோதி உடைந்தது. தடையை மீறி, கமுக்கமாக, சுமார் 160 மலகாசி மக்களை அடிமைகளாக ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. குரூசோவின் கப்பல் செய்யப் புறப்பட்ட அதே வேலை. அடித்தளத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்களில் பாதிப் பேர் மூழ்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் உடைந்த மரத்தில் படகு கட்டி இரண்டு மாதத்தில் கிளம்பிவிட்டார்கள், திரும்பி வந்து கூட்டிப்போவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு. 15 ஆண்டு யாரும் வரவில்லை. 1776 நவம்பரில் ஒரு கப்பல் போனபோது ஏழு பெண்களும் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தார்கள்.

மரமில்லாத, ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள, புயலில் அலை ஏறும் திட்டு அது. 2006 முதல் அங்கே அகழாய்வு செய்தவர்கள், பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய தடித்த சுவர்களைக் கண்டெடுத்தார்கள். கல்லால் கட்டுவது கல்லறைக்கு மட்டும் என்பது அந்த மக்களின் வழக்கம். காற்றுக்கு முன்னால் வழக்கத்தை விட வேண்டியிருந்தது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுப் புழங்கிய செம்புப் பாத்திரங்கள் கிடைத்தன. கடல்பறவையும் ஆமையும் உணவு, பின்னிய இறகு உடை. பேரேடு எழுதவோ நாள் எண்ணவோ காகிதம் இல்லை, அடிக்கடி போய் அள்ளிவரச் சாமான் நிறைந்த கப்பலும் இல்லை. மொரிஷியஸுக்குக் கொண்டுபோனதும் அவர்களுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. குழந்தைக்குத் தன் பெயரையும் மோசேயின் பெயரையும் சேர்த்து வைத்தவர் தீவின் உயரதிகாரி. ஃப்ரைடேக்குக் கிழமையின் பெயரை வைத்த குரூசோ இதைப் பார்த்திருந்தால் முறையாகத்தான் நடக்கிறது என்றிருப்பான்.

டீஃபோவைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நாவலை ஒதுக்க வேண்டும் என்ற வாதம் எனக்கு ஏற்பில்லை. ஸூரியின் விலையையும் கப்பலின் நோக்கத்தையும் பிரேசில் வட்டியையும் அவர் ஒளிக்கவில்லை. வெட்கமில்லாமல், எண்ணிக்கையோடு எழுதி வைத்தார். ஒளித்தவர்கள் பின்னால் வந்த நல்லெண்ணக்காரர்கள். அவர்கள் கொடுத்த குரூசோ நல்லவன், ஆனால் தட்டையானவன். முழுப் புத்தகத்தில் இருப்பவன் சிக்கலானவன். தன் அடிமைக் காலத்தை மறக்காதவன், அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாதவனும்கூட.

1719 ஆகஸ்டில் வந்த இரண்டாம் பாகத்தை இன்று யாரும் படிப்பதில்லை. அதில் குரூசோ மனைவியை இழந்து, மறுபடி தீவுக்குப் போய்க் குடியேறியவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். பிரேசில் கரைக்கு அருகே படகுகளில் வந்தவர்களோடு பேச ஃப்ரைடேயை அனுப்புகிறான். அம்பு பட்டு ஃப்ரைடே சாகிறான். அதன் பிறகு மடகாஸ்கர், வங்காளம், சீனா, சைபீரியா என்று கதை எங்கெங்கோ அலைகிறது. இலக்கியமாக அது தேறாது. ஆனால் முதல் பாகத்தையாவது முழுதாகப் படிக்கலாம். மூலத்தில் அத்தியாயப் பிரிவு கிடையாது, பிற்காலப் பதிப்பாளர்கள் பிரித்தது, ஆகவே எண்களை நம்பித் தேட வேண்டாம். கையில் கிடைத்த பதிப்பு முழுமையானதா, சுருக்கமா என்று தெரிய வேண்டுமானால், போர்ச்சுகீசியக் கப்பல் வரும் இடத்தைப் புரட்டி அங்கே 60 வெள்ளிக் காசு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.